நத்தை தேடும் நாய் நமக்குச் சரிப்படுமா?

ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அணைக்கட்டுக்குப் பக்கத்தில் தென்னை, வாழை, கொஞ்சம் பப்பாளி வைத்திருக்கிறேன். வீட்டில் பத்து மாதச் சிப்பிப்பாறை நாய் ஒன்று நிற்கிறது. வெளிநாடுகளில் நாய்களைப் பழக்கி அயல் நத்தை, அயல் எறும்பு எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறார்களாம். நம் நாயையும் அப்படிப் பழக்க முடியுமா? சுற்றிலும் பட்டாசு ஆலைகள். அந்தச் சத்தத்திலும் மருந்து வாடையிலும் நாய்க்கு மோப்பம் நிற்குமா?”

பழக்க முடியும். மோப்பமும் நிற்கும். ஆனால் இந்த வேலையில் நாயின் மூக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது மிகக் குறைவு. எதைத் தேடப்போகிறோம், கயிற்றைப் பிடிப்பவருக்கு நாயைப் படிக்கத் தெரியுமா, கண்டுபிடித்த பிறகு என்ன செய்யப்போகிறோம் ஆகிய மூன்றும்தான் கதையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே நாயைப் பற்றிப் பேசும் முன் தேடலைப் பற்றிப் பேசிவிடுவோம்.

சீமைக்கருவேலத்துக்கு நாய் வேண்டாம். பார்த்தீனியத்துக்கும், கம்மாயை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைக்கும் வேண்டாம். 2018-இல் கர்நாடகத்தில் தலைகாட்டி, அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் பிடித்த படைப்புழுவுக்கும் வேண்டாம். குருத்தைப் பிரித்தால் புழு தெரிகிறது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் கண்ட சுருள் வெள்ளை ஈக்கு, ஓலையின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரிகிற, ஊரெல்லாம் பரவிவிட்ட எதற்கும் நாயை இறக்குவது வீண் வேலை. நாய் தேவைப்படும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, புதிதாக வந்த உயிரி இரண்டொன்றாய் மறைந்து கிடக்கும் நேரம். மற்றொன்று, ஒழித்துவிட்டோம் என்று நாம் நினைத்த பிறகு மிச்சம் மீதி இருக்கிறதா என்று பார்க்கும் நேரம்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ‘ஸ்பாட்டட் நாப்வீட்’ என்ற அயல் களையைத் தேட நாய்களையும் ஆட்களையும் ஒரே நிலத்தில் இறக்கிப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில் நாய்கள் 81 சதவீதமும் ஆட்கள் 59 சதவீதமும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். செடி சிறியதாக இருந்த இடங்களில் நாய்கள் இன்னும் முந்தின. பெரிய செடி எல்லார் கண்ணிலும் படும். அடுத்த வருடம் நூறாகப் பெருகப்போகும் சின்னச் செடியைத்தான் ஆள் தாண்டிப் போய்விடுகிறார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2001-இல் தெரியவந்த சிவப்பு நெருப்பு எறும்புக்கும் நாய்களைப் பழக்கினார்கள். மருந்து போட்டு முடித்த இடத்தில் புற்று இல்லை என்று உறுதி செய்வது அவற்றின் முக்கிய வேலை. தைவானில் இதே எறும்புக்கு பீகிள் நாய்கள். கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் சாண்டா குரூஸ் தீவில் 2010-இல் ஆப்பிரிக்க ராட்சத நத்தை தென்பட்டது. மழை கொட்டும் இரவுகளில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் தேடினார்கள். 2014 கடைசியில் டார்வின், நெவில் என்ற இரண்டு லாப்ரடார் நாய்களை இந்த நத்தைக்காகவே பழக்கித் தோட்டங்களில் இறக்கினார்கள்.

நம் நாட்டிலும் அடித்தளம் இருக்கிறது. வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியாவும் 2008-இல் தொடங்கிய திட்டத்தில் வனத்துறைகளுக்கு மோப்ப நாய்கள் பழக்கித் தரப்படுகின்றன. புலித்தோல், சிறுத்தை எலும்பு, தந்தம் போன்றவற்றைப் பிடிக்க அவை பழகியவை. தமிழ்நாட்டு வனத்துறையிடமும் அப்படிப்பட்ட நாய்கள் உண்டு. புலித்தோலுக்குப் பழக்கும் முறைக்கும் நத்தைக்குப் பழக்கும் முறைக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. டப்பாவுக்குள் வைக்கும் வாடை மட்டுமே மாறுகிறது.

எதைத் தேடுவது?

நத்தையில் தொடங்குங்கள் என்பது என் யோசனை. எறும்பு இரண்டாவது.

ஆப்பிரிக்க ராட்சத நத்தையை 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆர்வலர். அங்கிருந்து பரவியது. கேரளத்தில் 2005-க்குப் பிறகு கோன்னி தொடங்கிப் பல ஊர்களில் வாழை, பப்பாளி, ரப்பர், காய்கறி என்று எல்லாவற்றிலும் ஏறியது. 500-க்கு மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும். ஒரே நத்தை ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எந்த இரண்டு நத்தை சேர்ந்தாலும் முட்டை விழும்; ஒரு தடவையில் நூற்றுக்கணக்கில் இடும். வறட்சி வந்தால் மண்ணுக்குள்ளோ கல்லிடுக்கிலோ புகுந்து, ஓட்டின் வாயை வெள்ளை ஏடுபோல அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். நம் கரிசல் பூமியின் வெயில் அதைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாதது இதனால்தான். சொட்டுநீர்க் குழாயின் அடி, வாழைக்கட்டை, தென்னந்தூர் இவை போதும், அது கோடையைக் கடந்துவிடும்.

ஒரு கணக்கு பாருங்கள். 1966-இல் ஹவாயிலிருந்து மியாமிக்கு ஒரு சிறுவன் மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு ஆண்டில் 18,000-க்கு மேல். ஒழிக்க 1975 வரை ஆயிற்று. 2011-இல் அதே மியாமியில் மறுபடியும் வந்தது. அந்தத் தடவை 1,68,000-க்கு மேற்பட்ட நத்தைகளைப் பொறுக்கி, 2021-இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்தப் போராட்டத்தில் நாய்களும் இருந்தன. மூன்று நத்தையை முதல் வாரத்திலேயே ஒரு நாய் கண்டிருந்தால் ஒரு வாளியில் வேலை முடிந்திருக்கும்.

நம் பக்கத்துக்கு அது வரும் வழிகளை நினைத்துப் பாருங்கள். தீக்குச்சி மரம் கேரளத்திலிருந்து செங்கோட்டை வழியாக இறங்குகிறது. மண்ணுத்திப் பக்கத்து நர்சரிகளின் கன்றுகள் லாரி லாரியாக வருகின்றன. வாழைக்கட்டை, தேங்காய்நார்க் கழிவு, தொழுஉரம், பழப்பெட்டி எல்லாமே நத்தைக்கும் முட்டைக்கும் வாகனம். தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில். ஆகவே உங்கள் நாய் தோட்டம் முழுவதையும் சல்லடை போட வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே வரும் லோடை, இறக்கிய இடத்திலேயே வைத்து முகர்ந்து பார்க்கட்டும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே அது சம்பாதித்துவிட்டது.

மஞ்சள் பைத்தியக்கார எறும்பை ஏன் இரண்டாவதாகச் சொல்கிறேன்? திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-இல் இது பெருகி ஆடுமாடுகளின் கண்ணைத் தாக்கியது செய்தியாக வந்தது. கடிக்காது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகள் இதனால் செத்தன. இப்படிப் பெருகிவிட்ட இடத்தில் நாயை இறக்கினால் அதன் கண்ணும் மூக்கும் போகும். ஆஸ்திரேலியாவின் லிஸ்மோர் நகரில் 2018-இல் இந்த எறும்பு தெரியவந்தபோது நாய்களைப் பயன்படுத்தினார்கள். தொற்று சிறியதாக இருக்கும்போதும், மிச்சத்தைத் தேடும்போதும்தான் அது பொருந்தும். கட்டெறும்பு, முசுறு என்று உள்ளூர் எறும்புகள் பல இருக்கும் தோட்டத்தில், வாடையைப் பிரித்துக் காட்டப் பழக்குவதும் சுலபமில்லை. ஒரு நாய் நத்தையில் தேறிய பிறகு யோசிக்கலாம்.

உங்கள் நாய் தேறுமா?

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடும் இனங்கள். அசைவதைப் பார்த்தால் ஓடும். ஓடுகிற முயலுக்குப் பிறந்தவை. அசையாமல் மண்ணுக்குள் கிடக்கும் நத்தையைத் தலைகுனிந்து தேடுவது அவற்றின் இயல்புக்குச் சற்று எதிரானது. முடியாது என்று சொல்லவில்லை. இவற்றுக்கும் மூக்கு கூர்மையானதுதான், உடம்பு இலேசானது, வெயிலை லாப்ரடாரைவிட நன்றாகத் தாங்கும். கவனம் சிதறாமல் நிறுத்துவதுதான் பாடு. ராஜபாளையம் காவலுக்குப் பிறந்தது. ஒருவருக்கு மட்டும் கட்டுப்படும், அடுத்தவர் மரக்கடைக்குள் கொண்டுபோனால் அங்குள்ளவர்களைக் கண்டு உறுமும். இளஞ்சிவப்பு மூக்கும் முழு வெள்ளையும் உள்ள ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாமை உண்டு. தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். நாட்டுநாயை ஒதுக்கவே வேண்டாம். உத்தராகண்ட் போலீஸ் 2019-இல் தெங்கா என்ற தெருநாயைத் தன் மோப்பப் படையில் சேர்த்தது. இந்த வேலைக்கு இனத்தைவிட அந்தத் தனி நாயின் குணம் முக்கியம்.

குணத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. நாய்க்குப் பிடித்த பந்தையோ, முடிச்சிட்ட பழைய துண்டையோ காட்டி ஆசை மூட்டி, அடர்ந்த புல்லுக்குள் எறியுங்கள். போய் அரை நிமிடத்தில் சலித்துத் திரும்பினால் அது வீட்டில் இருக்கட்டும். கிடைக்கும் வரை மூக்கைத் தரையில் வைத்து வட்டம் போட்டால், உங்களைக்கூட மறந்தால், அந்த நாயைப் பழக்கலாம். பந்தில் ஆசையில்லாத நாய்க்கு வேகவைத்த ஈரல் துண்டு வைத்து இதே சோதனை. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் தொடங்குவது நல்லது. உங்கள் பத்து மாத நாய் சரியான வயதில் இருக்கிறது. முயலைத் துரத்தும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். முயல் வேட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, முயல் பார்த்த நாய் நத்தையைத் தேடாது.

வெடிச்சத்தமும் மருந்தும்

உங்கள் ஊரின் தனிச்சிக்கல் இது. வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாயைப் பழக்கி மாற்றிவிடலாம் என்று நினைத்து மாதங்களை வீணாக்குவோர் உண்டு. தூரத்தில் ஒரு சரம் வெடிக்கும்போது நாயைக் கவனியுங்கள். திடுக்கிட்டுத் தலை தூக்கி, சில நொடிகளில் மறுபடி தின்னத் தொடங்கினால் கவலையில்லை. வாலை ஒடுக்கி, வாயில் நீர் ஒழுக, கட்டிலுக்கடியில் போய்ப் பத்து நிமிடம் ஆகியும் வெளியே வராவிட்டால் அந்த நாயை இந்த வேலைக்கு இழுக்க வேண்டாம். பழக்குகிறேன் என்று பக்கத்தில் வெடி கொளுத்துவது கொடுமை. இருந்த தைரியமும் போய்விடும். குட்டியாக எடுக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான காலத்தில் தூரத்துச் சத்தத்தோடு தீனியும் விளையாட்டும் சேர்ந்து வரட்டும், அதுவே போதும். வெடியைச் சோதித்துப் பார்க்கும் நேரங்களும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் பயிற்சிக்கு உகந்தவை அல்ல.

மருந்து வாடை இருந்தாலும் நாய் அதற்குள்ளிருந்து தன் இலக்கைப் பிரித்து எடுக்கும். கந்தக வாடைக்கு இடையிலேயே பழகிய நாய்க்கு அது வெறும் பின்னணி. ஆனால் தரையில் படிந்த மருந்துத் தூளும் ஆலைக் கழிவும் ஆபத்து. பேரியம் உப்புகள் விஷம். நாய் பாதத்தை நக்கினால் உள்ளே போகும். கழிவு கொட்டிய, எரித்த இடங்களின் பக்கமே போகாதீர்கள். தேடி முடித்ததும் பாதத்தையும் வயிற்றுப்பக்கத்தையும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத் தீனி வையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பட்டாசு ஆலை வளாகத்துக்குள் நாயைக் கொண்டுபோகவே கூடாது, முதலாளியே அழைத்தாலும். இரும்புச் சங்கிலி தரையில் உரசினால் பொறி. நைலான் பட்டையில் உராய்வு மின்சாரம். கழுத்து வளையத்தில் ஓர் இரும்புச் சில்லு இருந்தாலும் மருந்து அறைக்குப் பக்கத்தில் அது வேண்டாத விருந்தாளி. மரமும் அட்டையும் ஆலைக்குள் போவதற்கு முன், வெளியே உள்ள இறக்குமிடத்தில் தேடுங்கள். பொதுவாகவே பருத்திக் கயிறும் தோல் பட்டையும் பழக்கிக்கொள்வது நம் பகுதிக்கு நல்லது.

பழக்கும் முறை

முதலில் வாடை வேண்டும். இதற்காக உயிர் நத்தையை எங்கிருந்தும் ஆனைக்குட்டத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். பயிற்சிக்கென்று கொண்டுவந்து தப்பவிட்டவர் கையாலேயே தொற்று தொடங்கும். ஏற்கெனவே நத்தை இருக்கிற ஊரில், வேளாண் அலுவலர் ஒருவரின் துணையோடு, கையுறை போட்டுக்கொண்டு, நத்தையின் உடம்பிலும் அது நகர்ந்த பசையிலும் பஞ்சை ஒற்றி எடுங்கள். கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக்கி மூடி உறைபெட்டியில் வையுங்கள். உறையவைத்துக் கொன்ற நத்தை ஒன்றிரண்டும் இருக்கட்டும். ஒரே நத்தையின் வாடையில் மட்டும் பழகிய நாய் அந்த ஒன்றைத்தான் தேடும். பல நத்தை, பெரிசு சிறிசு, முட்டை ஒற்றிய பஞ்சு என்று வகை வகையாக வேண்டும்.

சுத்தமான ஐந்து தகர டப்பாக்கள், மூடியில் ஓட்டை. ஒன்றில் நத்தைப் பஞ்சு, மற்ற நான்கில் வெறும் பஞ்சு. நாய் சரியான டப்பாவில் மூக்கை வைத்த நொடியே ஒரே சொல், ஒரே தொனி, உடனே தீனி. சொல் நொடி தாமதமானால் நாய் அடுத்த டப்பாவுக்குப் போயிருக்கும், நீங்கள் பாராட்டியது அதைத்தான் என்று எடுத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரு தடவைக்கு வேண்டாம். காலை மாலை இரண்டு வேளை போதும். நாய் இன்னும் கேட்கும்போதே நிறுத்துங்கள்.

நான்கு வெற்று டப்பாக்களை அடுத்த கட்டத்தில் வெறுமையாக விடக் கூடாது. ஒன்றில் நம் ஊர் நத்தை ஓடு, ஒன்றில் முட்டைத் தோல், ஒன்றில் ஈரச் சாக்கு, ஒன்றில் நீங்கள் போட்ட கையுறையின் துண்டு. பெரும்பாலும் பழக்குகிறவர்கள் ஏமாறுவது கையுறையில்தான். நத்தை டப்பாவை மட்டும் கையுறையோடு தொட்டால், நாய் நத்தையை விட்டுவிட்டு ரப்பரைப் பிடித்துக்கொள்ளும். எல்லா டப்பாவையும் ஒரே மாதிரி தொடுங்கள், தினமும் இடம் மாற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவையுங்கள்.

கண்டதும் நாய் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். உட்கார வேண்டும், அல்லது படுக்க வேண்டும். கீறக் கூடாது, கவ்வவே கூடாது. இந்த நத்தையின் உடம்பில் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். மனிதருக்கு மூளை உறையில் அழற்சி வரவைக்கும். கேரளத்தில் குழந்தைகளிடம் பதிவாகியிருக்கிறது. நத்தையைத் தின்ற நாய்க்குப் பின்னங்கால்கள் விழும். ஆகவே மூக்குக்கும் நத்தைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளியில் உட்காரும் நாய்க்கே பாராட்டு. தொட்டுவிட்டால் தீனி இல்லை.

இனி, நாயைப் படிப்பது. தோட்டத்தில் காற்றுக்கு எதிராக நாயை நடத்திப் பாருங்கள். சும்மா நடக்கும்போது வாய் திறந்திருக்கும், வால் பழகிய தாளத்தில் ஆடும். வாடையின் ஓரத்தில் கால் பட்டதும் வாய் மூடிக்கொள்ளும். தலை ஒரு பக்கம் வெடுக்கென்று திரும்பும், உடம்பு பின்னால் வரும். மூச்சு குட்டிக் குட்டியாக, வேகமாக, காதால் கேட்கும் அளவுக்கு. வால் ஆட்டம் சிறுத்துக் கெட்டியாகும். வாடையைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து இரண்டு பக்கமும் வெட்டி வெட்டிப் போய், ஓரிடத்தில் குனிந்து நின்று, பிறகு உட்காரும். உட்காருவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு முந்தைய நான்கு நொடிகளைப் பார்க்கத் தெரிந்தவரே பழக்குநர். உங்கள் கைப்பேசியில் படம் எடுத்து இரவில் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் கண் பழகிவிடும்.

எங்கே ஒளித்து வைத்தோம் என்று உங்களுக்குத் தெரிந்தால் நாய்க்கும் தெரிந்துவிடும். நீங்கள் அந்த இடத்தில் நடையை அறியாமல் தளர்த்துவீர்கள், கயிறு இறுகும், மூச்சு மாறும். நாய் உங்களைப் படித்து உட்காரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2011-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. போதைப்பொருள், வெடிபொருள் தேடும் 18 நாய்களையும் பழக்குநர்களையும் அழைத்து, வாடையே இல்லாத அறைகளில் 144 தேடல்கள் நடத்தினார்கள். இங்கே வாடை இருக்கலாம் என்று பழக்குநர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நாய் ‘கண்டுபிடித்தது’ என்று 225 தடவை தவறாக அறிவிக்கப்பட்டது. எல்லாம் பயிற்சி முடித்த நாய்கள்.

ஆகவே மூன்றாவது மாதத்திலிருந்து ஒளிப்பவர் வேறொருவராக இருக்கட்டும். வீட்டில் தம்பியோ மகளோ செய்யலாம். எங்கே வைத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது. வாரத்தில் சில தேடல்களில் எதுவுமே ஒளித்து வைக்கக் கூடாது. எதுவும் இல்லாத இடத்தில் முழுதும் தேடி, உட்காராமல் திரும்பிய நாய்க்குப் பாராட்டும் விளையாட்டும் உண்டு. வெற்றுத் தேடலில் தேறாத நாயின் ‘இருக்கிறது’ என்ற பேச்சை நம்பி ஒரு லோடைத் திருப்பி அனுப்ப முடியாது. தேதி, நேரம், காற்று, எத்தனை ஒளித்தோம், எத்தனை கண்டது, எத்தனை தவறு, எல்லாம் நோட்டில் ஏறட்டும். வனத்துறைக்கான நாய்களுக்கே பழக்குநரோடு சேர்த்து மாதக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். வீட்டில் பழக்கும் நமக்கு அதற்குக் குறைந்து ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில், முள், பாம்பு

நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் முகர முடியாது. விருதுநகர் வெயிலில் விடிந்ததிலிருந்து எட்டு மணி வரைதான் நல்ல வேலை. சித்திரை வைகாசியில் அதற்கும் முன்பே முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஆடிக் காற்றில் வாடை சிதறும், அப்போது தேட வேண்டிய இடத்தைச் சிறு சிறு பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மழை பெய்து விட்ட காலையே நாய்க்கும் நத்தைக்கும் உகந்த வேளை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் காலைகளைத் தவறவிடாதீர்கள்.

சீமைக்கருவேல முள் பாதத்தில் ஒடிந்து சீழ் பிடிக்கும், தினமும் விரலிடுக்கைப் பாருங்கள். மரக்கட்டைக் குவியலும் மட்டைக் குவியலும் சுருட்டை விரியனுக்கும் கண்ணாடி விரியனுக்கும் வீடு. கோலால் தட்டிச் சத்தம் எழுப்பிவிட்டு, கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு உள்ளே விடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு மூக்கில் இரத்தம் வரும். மாதாமாதம் உண்ணி மருந்து தவறக் கூடாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும், ஈரத்தில் உழைக்கும் நாய் அல்லவா.

கண்டுபிடித்த பிறகு

நாய் உட்கார்ந்த இடத்தில் நீங்கள் கையுறையோடு தோண்டிப் பாருங்கள். கிடைத்த நத்தையை உப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்று ஆழமாகப் புதையுங்கள். சுற்றிலும் ஈரச் சாக்கில் முட்டைக்கோஸ் இலையும் பப்பாளி இலையும் வைத்து இரவில் போட்டால் மிச்சம் வந்து ஒட்டும். கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கலவை ஒன்று உண்டு: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு லிட்டராகும் வரை காய்ச்சி வடித்து, 60 கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டரில் கரைத்து, இரண்டையும் கலந்து நத்தை மேல் தெளிப்பது. தெளித்த பாத்தியில் நாய் கால் வைக்கக் கூடாது.

கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு நத்தை மருந்தை நாய் வளர்க்கும் வீட்டில் தூவவே வேண்டாம். அதன் தவிட்டு வாசனைக்கு நாய் ஓடிப்போய்த் தின்னும். சில மணி நேரத்தில் நடுக்கம், வலிப்பு, சாவு. பக்கத்துத் தோட்டக்காரர் தூவியிருக்கிறாரா என்று கேட்காமல் அவர் வரப்பில் நாயை இறக்காதீர்கள். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்க வேண்டாம். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், அதற்குள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

நத்தை கிடைத்ததை மறைக்காதீர்கள். மரக்கடைக்காரர் பெயர் கெட்டுவிடும், நர்சரிக்காரர் கோபிப்பார் என்ற தயக்கத்தில் மூன்று வாரம் போனால் அந்த மூன்று வாரத்தில் முட்டை விழுந்துவிடும். லோடு எங்கிருந்து வந்தது, எந்த நாள், எங்கே இறக்கியது என்ற விவரத்தோடும் படத்தோடும் உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ நேரில் போங்கள். அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கும் மாதிரியைக் காட்டலாம். போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

நாய் இன்னும் பழகி முடியவில்லை என்று தேடலைத் தள்ளிப் போடவும் வேண்டாம். இந்த வாரமே இறங்கும் வாழைக்கட்டையையும் கன்றுப் பைகளையும் உங்கள் கண்ணாலும் கையாலும் புரட்டிப் பாருங்கள்.